அம்மா அப்பாவோடு அருங்காட்சியகம்

முழு ஆண்டுத் தேர்வு முடியும் நாள்களில் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "லீவுல புள்ளைங்கள எங்க டீச்சர் கூட்டிட்டுப் போகலாம்?" கள்ளக்குறிச்சிப் பக்கம் இதற்கு வழக்கமான பதில்கள் இருக்கின்றன. வண்டலூர், மெரினா, ஏற்காடு, மலைமேல் இருப்பவர்களுக்குக் கீழே உள்ள கோமுகி அணை. சில ஆண்டுகளாக நான் இந்தப் பட்டியலில் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையும், அதே வளாகத்தில் இருக்கும் குழந்தைகள் அருங்காட்சியகத்தையும் சேர்த்துச் சொல்லிவருகிறேன். சொல்வதோடு நின்றால் யாரும் போவதில்லை. போகும் குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட்டுத் தந்தால் போகிறார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"பள்ளிச் சுற்றுலாவிலேயே கூட்டிப் போய்விடலாமே?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. போகலாம், போகவும் வேண்டும். ஆனால் ஐம்பது பிள்ளைகளை மூன்று ஆசிரியர்கள் அழைத்துச் செல்லும்போது நம் கண் முழுவதும் தலைகளை எண்ணுவதிலேயே இருக்கும். "வரிசை கலையாதே, தொடாதே, அடுத்த கூடத்துக்கு நட" என்பதைத் தவிர அன்று நம் வாயில் வேறு சொல் வராது. ஒரு பிள்ளை ஒரு பொருளின் முன் பத்து நிமிடம் நிற்க ஆசைப்பட்டால் அதற்கு இடமில்லை. குடும்பமாகப் போனால் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள். நிற்கலாம், உட்காரலாம், திரும்பிப் போய் மறுபடி பார்க்கலாம். அருங்காட்சியகம் என்பதே அப்படிப் பார்ப்பதற்குத்தான்.

பெற்றோர் தயங்குவதற்குக் காரணம் செலவும் தூரமும் என்றுதான் முதலில் தோன்றும். அவை காரணங்கள்தாம். இரண்டு நாள் கூலி போகும், பயணம் நீளம். ஆனால் கல்வராயன் மலையில் ஒன்பது ஆண்டுகள் சமூக அறிவியல் கற்பித்துவிட்டு, இப்போது கீழே நகரை ஒட்டிய பள்ளியில் இருக்கும் எனக்கு, அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இரண்டு இடத்திலும் தெரிந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை வைத்திருக்கும் ஒரு தந்தை அதை நேராகவே சொன்னார். "அங்க வந்து நாங்க என்னாத்த டீச்சர் பாக்கறது? எழுதி வெச்சிருக்கறது ஒண்ணும் படிக்கத் தெரியாது. புள்ள கேட்டா என்னா சொல்றது?"

மகள் முன்னால் ஒன்றும் தெரியாதவராக நிற்க அவருக்கு மனமில்லை. அவர் வீட்டில் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த முதல் பிள்ளை அவள். வீட்டில் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். பள்ளி வாசலைத் தாண்டினால் எதுவும் தெரியாது என்ற எண்ணம் ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிகளும் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளும் நிறைந்த ஒரு கட்டடத்துக்குத் திட்டமில்லாமல் அவரை அனுப்பினால் அந்த எண்ணத்தை நாமே உறுதிப்படுத்துவோம். ஆகவே நாம் போடும் திட்டம் பேருந்து நேரத்தை மட்டும் பார்த்துப் போடுவதாக இருக்க முடியாது. அந்த அப்பாவுக்குத் தெரிந்தது எந்தக் கூடத்தில் இருக்கிறது என்று பார்த்துப் போட வேண்டும்.

குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் என்ற எண்ணம் உலகில் 1899இல் அமெரிக்காவின் புரூக்ளினில் தொடங்கியது. 1960களில் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த மைக்கேல் ஸ்பாக், அன்றாடப் பொருள்களைக் குறுக்கே வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்க வைத்தார். பிள்ளைகள் தொடலாம், திருப்பலாம், ஏறலாம். பெயர்ப்பலகை படித்தால்தான் புரியும் என்ற நிலையை அவர்கள் மாற்றினார்கள்.

நம் எழும்பூர் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1851இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று அது. அதன் குழந்தைகள் பிரிவிலும் பழைய நாகரிகங்களின் மக்களை உடையலங்காரத்தோடு காட்டும் பொம்மைகளைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும். கையால் இயக்கிப் பார்க்க வேண்டும் என்றால் கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குப் போக வேண்டும். 1983இல் அமைந்தது அது. பிர்லா கோளரங்கம் 1988இல் அதோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் பெற்றோர் ஆசைப்படுவார்கள், கூடவே மெரினாவும் தியாகராய நகரும் வேண்டும் என்பார்கள். நான் விடாப்பிடியாக மறுத்துவிடுவேன். ஒரு நாளுக்கு ஓரிடம். மாலையில் கடற்கரை வேண்டுமானால் போகட்டும், மலைப்பிள்ளைக்குக் கடலைக் காட்டாமல் திரும்பு என்று சொல்ல எனக்கே மனம் வராது.

எழும்பூர் வளாகத்தில் பல கட்டடங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள். எல்லாவற்றையும் பார்ப்பது என்று தொடங்கினால் பதினொன்றரை மணிக்குக் கால் வலிக்கும், பன்னிரண்டுக்குச் சின்னது அழும். அதனால் நான் குடும்பத்துக்கு நான்கு பொருள்கள்தான் எழுதித் தருவேன். எழுதித் தருவதுகூட அல்ல, ஒரு தாளில் நான்கு படம் வரைந்து தருவேன். எனக்கு வரைய வராது. வகுப்பில் நன்றாக வரையும் பிள்ளை வரைந்து கொடுக்கும்.

முதல் படம் ஒரு கல். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதர் செய்த ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதரின் தொன்மை பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்துதான் வேர்விட்டது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தில், கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஃபூட் வாழ்நாள் முழுவதும் திரட்டிய கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நடத்துபவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். பெற்றோரிடம் நான் சொல்வது வேறு: "அந்தக் கல்லப் பாத்துட்டு, எந்தப் பக்கம் பிடி, எந்தப் பக்கம் வெட்டுன்னு புள்ளைக்குச் சொல்லுங்கண்ணா." அரிவாளும் கொடுவாளும் தினமும் பிடிக்கும் கைக்கு அது கண்ணாலேயே தெரியும். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது, திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. இதற்குத் திட்டம் தேவையில்லை. பிள்ளைகள் தாமாகவே வாய் பிளந்து நிற்பார்கள். துடுப்புக்குள் நம் கைவிரல்களைப் போல எலும்புகள் இருப்பதை மட்டும் கவனிக்கச் சொல்லி அனுப்பினால் போதும்.

மூன்றாவது, திருவாலங்காட்டு நடராசர் உள்ளிட்ட சோழர் காலச் செப்புத் திருமேனிகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மலைப்பெற்றோர் அதிகம் பேசியது இதன் முன்னால்தான். இந்தத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கி, முதலில் மெழுகிலேயே முழு உருவத்தையும் செய்வார்கள். அதன்மேல் மண்ணைப் பூசிப் பூசிக் காயவைத்துக் கூடு கட்டுவார்கள். கூட்டைச் சூடாக்கினால் மெழுகு உருகி வழிந்துவிடும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் நிற்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் கூட்டை உடைப்பார்கள். ஒரு கூட்டுக்கு ஒரு சிலைதான், இன்னொன்று வேண்டுமென்றால் மீண்டும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் நான் விளக்கியபோது பாதியிலேயே ஓர் ஆயா குறுக்கிட்டார். மெழுகை வெறுமனே வைத்து உருவம் செய்தால் வெயிலில் சாய்ந்துவிடும், குங்கிலியம் சேர்த்தால்தான் கெட்டியாக நிற்கும் என்றார். சிலை வார்ப்பதை அவர் பார்த்ததில்லை. மெழுகையும் குங்கிலியத்தையும் அறிந்தவர், அவ்வளவுதான். எந்தப் பூ பூக்கும் காலத்துத் தேனடையில் மெழுகு அதிகம் என்பதுவரை சொன்னார். அந்தக் குடும்பம் பிறகு சென்னைக்குப் போனபோது, பேரன் நடராசர் முன்னால் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் ஆயாதான் பதில் சொன்னாராம். திரும்பி வந்து அவன் என்னிடம் சொன்ன முதல் செய்தி நடராசரைப் பற்றியது அல்ல. "எங்க ஆயாவுக்கு இது எல்லாம் முன்னாடியே தெரியும் டீச்சர்."

நகரப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே கூடம் வேறு விதமாகப் பயன்படுகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். சிற்பப் பட்டறையில் வேலை செய்யும் அப்பாக்கள் நம் வகுப்புப் பெற்றோரில் இருக்கிறார்கள். அவர்களிடம் "முகத்தின் நீளத்தை அளவாக வைத்து உடம்பு எத்தனை பங்கு வருகிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும். மரத்தில் அவர்கள் தினமும் போடும் தாளக் கணக்கைத்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செம்பிலும் போட்டார்கள். விகிதம் பாடத்தை நான் எத்தனை முறை நடத்தினாலும் இவ்வளவு தெளிவாக வராது.

நான்காவது படத்தைப் பற்றி எழுதும்போதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். மானிடவியல் பகுதியில் பழங்குடியினரின் வீட்டுப் பொருள்கள், வேட்டைக் கருவிகள், இசைக்கருவிகள் உண்டு. கல்வராயன் மலைப் பிள்ளை அங்கே போனால் ஒரு கணம் திகைக்கும். "இது எங்க வீட்டுல இருக்கே, இது ஏன் இங்க இருக்கு?" இந்தக் கேள்விக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, "பழைய காலத்து ஆளுங்க வெச்சிருந்தது" என்ற பதில். அதைக் கேட்கும் பிள்ளை, தன் வீடே பழைய காலம் என்று எடுத்துக்கொள்ளும். அருகில் நிற்கும் நகரத்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டால் இன்னும் மோசம். மற்றொன்று, அம்மாவோ அப்பாவோ அந்தப் பொருளைச் செய்வது எப்படி, எதற்கு அந்த வடிவம், எந்த மூங்கில் என்று சொல்லத் தொடங்குவது. அப்போது கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்தான் அந்தப் பொருளை அறிந்தவர் ஆகிறார்.

இரண்டாவது வழி தானாக நடக்காது. போவதற்கு முன்பே வீட்டில் பேசியிருக்க வேண்டும். அதனால் மலைப்பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு வேலை கொடுப்பேன். வீட்டில் இருக்கும் மூன்று பொருள்களைப் பற்றி அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்டு வர வேண்டும். முறம், திருகை, மூங்கில் பிளாச்சில் பின்னி மண்ணும் சாணமும் பூசிய தொம்பை, எதுவானாலும் சரி. யார் செய்தது, எத்தனை நாள் ஆகும், கெட்டுப்போனால் எப்படிச் சரிசெய்வது? தொம்பைக்குள் சாமை எத்தனை மாதம் பூச்சி பிடிக்காமல் இருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டு வந்து சொன்னதை நான் பாடத்திலும் சேர்த்துக்கொண்டேன். அருங்காட்சியகத்தில் நிற்கும் அன்று இந்தப் பேச்சின் மிச்சம்தான் நடக்கும்.

கேள்விகளை நாமே எழுதிக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். "இது எந்த நூற்றாண்டு, எந்த அரசர் காலம்?" என்ற கேள்விகள் பலகையைப் படிப்பவருக்கு மட்டும் உரியவை, அப்பாவை மறுபடியும் ஓரமாக நிறுத்திவிடும். "இதைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்? எது முதலில் தேய்ந்திருக்கிறது? இதைச் செய்தவர் வலக்கையரா, இடக்கையரா?" இவற்றுக்குப் பொருளைப் பார்த்தே பதில் தேட வேண்டும். அங்கே எட்டாம் வகுப்பும் அப்பாவும் சமம். பலகையைப் படித்துக் காட்டுவது பிள்ளையின் வேலை, பொருளைப் படித்துக் காட்டுவது பெரியவரின் வேலை என்று பிரித்துவிட்டால் இருவருக்கும் கை நிறைய வேலை இருக்கும்.

இனி பயணம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை. ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை என்று நினைத்து வெள்ளியன்று போய்க் கதவைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. முந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து அப்படி நிற்பது கொடுமை. பராமரிப்புப் பணிக்காகச் சில கூடங்கள் அவ்வப்போது மூடப்படும் என்பதால், முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. அந்த அழைப்பை நாம் செய்து கொடுத்தால் பெற்றோருக்குப் பெரிய உதவி. அன்றைய நுழைவுக் கட்டணத்தையும் அப்போதே கேட்டுச் சொல்லிவிடலாம்.

வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் முதல் நாள் மதியமே இறங்கிவிட வேண்டும். கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது வழக்கம். வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காமல், எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து முன் இருக்கையில் உட்கார வைக்கலாம். சின்னசேலத்திலிருந்து எழும்பூருக்கு இரவு ரயில் உண்டு. நிலைய வேலைகள் நடக்கும் காலத்தில் ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடலாம் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே எதுவரை போகிறது என்று கேட்டுக்கொள்ளட்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்தில் போனால், 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து எழும்பூர் வெகுதூரம். ஆட்டோ பேசினால் குடும்பத்தின் மொத்தப் பணமும் அங்கேயே கரைந்துவிடும். ஊரப்பாக்கம் அல்லது வண்டலூர் போய் மின்சார ரயில் பிடித்தால் குறைந்த செலவில் எழும்பூரிலேயே இறங்கலாம், அருங்காட்சியகத்துக்கு நடந்தும் போய்விடலாம். வழியில் பல்லாவரம் நிலையம் வரும். "அந்தக் கல்லு கெடச்ச ஊரு இதுதான்" என்று பிள்ளை ஜன்னல் வழியே அப்பாவுக்குக் காட்டட்டும்.

கட்டுச்சோறு நல்லது. புளிச்சோறு மதியம்வரை தாங்கும். கூடங்களுக்குள் சாப்பிடக் கூடாது; வளாகத்தில் மரநிழல் உண்டு. பதினொரு மணி வாக்கில் ஒருமுறை வெளியே வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி போனால் பிள்ளைகள் மூன்று மணிவரை தாக்குப்பிடிக்கும். குழந்தைகள் பிரிவின் பொம்மைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கால் ஓய்ந்த பிறகும் பொம்மைகளைப் பார்க்கப் பிள்ளைகள் மறுப்பதில்லை. திமிங்கிலத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்றது எதுவும் மனத்தில் ஏறாது. அதையும் பிற்பகலுக்குத் தள்ளலாம்.

சென்னை முடியாதவர்களுக்குக் கடலூரிலும் சேலத்திலும் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. ஒரே நாளில் போய் வரலாம். விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை கொண்ட கல்மரங்கள் வெட்டவெளியில் கிடக்கின்றன. விறகு வெட்டத் தெரிந்தவர் அந்தக் கல்லின் ரேகைகளைப் பார்த்தே மரம் என்று சொல்லிவிடுவார். மதுரைப் பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு, 2023 மார்ச் 5 அன்று திறந்த கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது.

போய் வந்த பிள்ளையிடம் "சுற்றுலா பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுதி வா" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். அந்தக் கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். காலையில் எழுந்தோம், பேருந்தில் ஏறினோம், மகிழ்ச்சியுடன் திரும்பினோம். அதற்குப் பதிலாக, "அங்கே அப்பா சொன்னதில் எனக்குத் தெரியாதது என்ன?" என்று இரண்டு வரி கேட்கிறேன். வகுப்பில் அதைப் படித்துக் காட்டும்போது போகாத பிள்ளைகளும் தங்கள் அப்பாவிடம் கேட்கப் போகின்றன.

எங்குமே போக முடியாத குடும்பங்கள் எப்போதும் இருக்கும், வேலைக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போய்விட்ட பெற்றோரும் இருப்பார்கள். அவர்களுக்காக வகுப்பறையின் பின்சுவரில் ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறேன். வாரம் ஒரு வீட்டிலிருந்து ஒரு பொருள் வரும். பெயர்ப்பலகையைப் பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும். அம்மாவும் அப்பாவும் வெளியூரில் இருந்தால் ஆயாவோ தாத்தாவோ சொல்வார்கள். என்ன பெயர், யார் செய்தது, எதற்கு, சொன்னவர் யார். கடைசி வரியில் சொன்னவரின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். தொம்பையைக் கொண்டுவர முடியாது என்பதால் அதை மட்டும் வரைந்து ஒட்டியிருக்கிறோம். முறம் வந்தால் வெள்ளிக்கிழமை மாலையே திருப்பி அனுப்பிவிடுவேன். சனிக்கிழமை வீட்டில் புடைக்க அது வேண்டும்.